நாற்காலியைக் காலி செய்ய வந்தவர்கள்

1844-ம் ஆண்டு, ஜனவரி 18. புதுச்சேரியில் ஒரு கூட்டம் தொடங்கியது. கூட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோரும் பிரெஞ்சுக்காரர்கள். அத்தனை பேரும் கத்தோலிக்கச் சாமியார்கள். பிப்ரவரி 13 வரை, கிட்டத்தட்ட நாலு வாரம் உட்கார்ந்து பேசினார்கள்.

என்ன பேசினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த ஊர்ப் பையன்களைப் படிக்கவைத்து, பயிற்சி கொடுத்து, நாம் செய்கிற வேலையை முழுசாக அவர்கள் கையில் கொடுப்பது எப்படி? அதாவது, நம் நாற்காலியை நாமே காலி செய்வது எப்படி?

காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கம்பெனி ராஜாங்கம். கலெக்டர் வெள்ளைக்காரர். ஜட்ஜ் வெள்ளைக்காரர். சிப்பாய்க் கலகத்துக்கு இன்னும் 13 வருஷம் இருக்கிறது. காங்கிரஸ் பிறக்க 41 வருஷம் இருக்கிறது. ஓர் இந்தியர் முதன்முதலாக ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியதே 1863-ல்தான். இந்த ஊர் ஆட்களுக்கு ஆளத் தெரியாது என்பது அன்றைக்கு வெள்ளைக்காரர் மனசில் சத்தியவாக்கு மாதிரி பதிந்துபோன விஷயம். அந்த நேரத்தில் வெள்ளைக்காரர்களே உட்கார்ந்து, பொறுப்பைக் கைமாற்றுவது பற்றித் தீர்மானம் போடுகிறார்கள் என்றால், அது சாதாரணமா?

புதுச்சேரி என்றால் நமக்குக் கடற்கரை, காந்தி சிலை, பாரதியார், அரவிந்தர் ஆசிரமம். இந்த 1844 சங்கதியை ஊர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் எதிரொலி ரோமாபுரி வரைக்கும் கேட்டது. கத்தோலிக்க வரலாற்றில் அதற்குப் பெயர் 'புதுச்சேரி சங்கம்'. ஆங்கிலத்தில் சினாட் என்பார்கள்.

கூட்டியவர் பெயர் க்ளெமான் பொன்னான். 1796-ல் பிரான்ஸில் லியோன் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து தெலுங்குப் பகுதியில் சாமியாராக வேலை பார்த்தவர். தெலுங்கு கற்றவர். 1833-ல் பிஷப் ஆனார். அந்தக் காலத்துத் தமிழில் சொன்னால், மேற்றிராணியார். மூன்று வருஷம் கழித்து 1836-ல், சோழமண்டலக் கரைப் பகுதிக்குப் போப்பாண்டவரின் பிரதிநிதி என்ற அந்தஸ்தும் சேர்ந்துகொண்டது. கையில் பெரிய அதிகாரம். கூடவே பெரிய தலைவலி. கிராமங்கள் எக்கச்சக்கம், சாமியார்கள் கொஞ்சம்.

பொன்னான் சேர்ந்திருந்த அமைப்பு பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை. 17-ம் நூற்றாண்டின் நடுவில் அதை ஆரம்பித்தபோதே நோக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. போகிற நாட்டில் அந்த நாட்டு ஆட்களைக் குருக்களாக ஆக்க வேண்டும். அந்த ஊர்ப் பழக்கவழக்கத்தை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஐரோப்பாவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கக் கூடாது. 1659-லேயே ரோமாபுரி இந்த மாதிரி எழுத்து மூலமாக அறிவுரை கொடுத்து அனுப்பியிருக்கிறது.

அதன்படி சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அயோத்தியா நகரத்தில் ஒரு குருமடம் நடத்தினார்கள். ஆசிய நாட்டுப் பையன்கள் அங்கே லத்தீன் படித்தார்கள். 1767-ல் பர்மாக்காரர்கள் அயோத்தியாவை அழித்தார்கள். குருமடம் ஓடியது. கம்போடியக் கரையோரம் கொஞ்ச காலம். அங்கேயும் நிம்மதி இல்லை. கடைசியில் 1770 வாக்கில் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா?

நம்ம வீராம்பட்டினம்!

ஆமாம், செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் நடக்கிற அதே வீராம்பட்டினம்தான். அரிக்கமேட்டுக்குப் பக்கத்து ஊர். அங்கே அந்தக் குருமடத்துக்குத் தலைவராக இருந்தவர் பிஞோ த பெஹேன். வியட்நாம் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். வியட்நாம் மொழிக்கு லத்தீனில் அகராதி தயாரித்தவர். அந்த வேலையை அவர் பார்த்தது புதுச்சேரி மண்ணில். 1780-களின் ஆரம்பத்தில் வீராம்பட்டினம் குருமடம் மூடப்பட்டுவிட்டது.

ஆக, புதுச்சேரிக்கு இந்த எண்ணம் புதுசில்லை. ஆனால் எண்ணம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம்.

நடப்பு எப்படி இருந்தது? நாட்டுக் குருக்கள் என்று சிலர் இருந்தார்கள். ஆனால் எடுபிடி நிலைமைதான். வெள்ளைச் சாமியார் தலைமை, நாட்டுச் சாமியார் துணை. பூசை வைக்கலாம், நோயாளியைப் பார்க்கலாம், தூரத்துக் கிராமத்துக்கு மாட்டு வண்டியில் போய்வரலாம். ஆனால் தீர்மானம் எடுக்கிற இடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. நேற்று கப்பலில் வந்து இறங்கிய 25 வயது பிரெஞ்சுக்காரர், 30 வருஷம் சேவை செய்த தமிழ்க் குருவுக்கு மேலே உட்கார்ந்துவிடலாம். இதற்குச் சொன்ன காரணங்களும் ரெடிமேட். 'இவர்களுக்குப் பக்குவம் போதாது.' 'பண விஷயத்தில் நம்ப முடியாது.' 'சொந்த பந்தம், சாதி என்று சாய்ந்துவிடுவார்கள்.'

ஒரு மனுஷனை ஆயுசுக்கும் எடுபிடியாகவே வைத்திருப்பது. அப்புறம், 'பார்த்தாயா, இவனுக்குத் தலைமை தாங்கத் தெரியவில்லை' என்று சொல்வது. இந்த வித்தை உங்களுக்கும் பழக்கமானதுதான். ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். கட்சியில் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

கிறிஸ்தவத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் சாமியாராவதை அவர்கள் உத்தியோகமாகப் பார்ப்பதில்லை. 'தேவ அழைத்தல்' என்பார்கள். கடவுள் கூப்பிடுகிறார், இவர் போகிறார். சரி, அப்படியென்றால் லியோனில் இருக்கிற பையனைக் கூப்பிடுகிற கடவுள், லாஸ்பேட்டையில் இருக்கிற பையனை மட்டும் பாதிக் கூப்பிடு கூப்பிடுவாரா? வெள்ளைக்காரனை மேய்ப்பனாகவும் தமிழனை மேய்ப்பனுக்குக் கம்பு தூக்குகிறவனாகவும் அழைப்பாரா? 1844 கூட்டத்துக்குள் இருந்த நிஜமான கேள்வி இதுதான்.

சரி, அந்த வருஷம் ஏன் இந்தக் கேள்வி வெடித்தது? நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. நெருக்கடியும் காரணம்.

முந்தைய 80 வருஷக் கதையைப் பாருங்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சேசு சபைச் சாமியார்களின் கோயிலும் அதோடு போயிற்று. மிஷன் வீதியில் இப்போது இருக்கிற பேராலயம், சனங்கள் வாயில் சம்பா கோயில், 1791-ல் முடிந்த கட்டடம். 1773-ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். தென்னிந்தியாவில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலை 1776-ல் பாரிஸ் சபைக்காரர்கள் தலையில் விழுந்தது. பொறுப்பேற்ற பிஷப் பிரிகோ, சயாமில் வேலை பார்த்து யுத்தத்தில் சிக்கித் தப்பி வந்தவர். அடுத்து 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி. பாரிஸிலிருந்து ஆள் வருவது நின்றது. ஊரும் திரும்பத் திரும்ப ஆங்கிலேயர் கைக்குப் போய், ஒருவழியாக 1816-ல்தான் பிரான்ஸுக்கு நிலையாகத் திரும்பியது.

ஐரோப்பாவில் ஒரு ராஜா தும்மினால் இங்கே ஒரு கிராமத்தில் ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லாமல் போகிற நிலைமை. அந்த வருஷங்களில் கிராமங்களில் செபம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் உபதேசியார்கள். உள்ளூர்த் தமிழர்கள். பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

போட்டியும் வந்துவிட்டது. பிராட்டஸ்டண்ட் மிஷன்கள் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்து வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. நாட்டுக் குரு விஷயத்திலும் அவர்கள் பழைய கைகள். தரங்கம்பாடியில் 1733-லேயே கடலூர்க்காரரான ஆரோன் என்ற தமிழரைப் போதகராக்கியிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் எவ்வளவு தூரம்? ஒரு மணி நேர பஸ் பயணம்.

இந்தப் பின்னணியில்தான் பொன்னான் கூட்டம் போட்டார். சங்கத்தில் எடுத்த முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டுக் குருக்களை உருவாக்குவதே முதல் வேலை. அதற்குக் குருமடத்தைச் சீர்திருத்த வேண்டும். பள்ளிக்கூடங்கள் வேண்டும். நல்ல புத்தகங்கள் வேண்டும்.

தீர்மானம் பேப்பரோடு நிற்கவில்லை. அதே 1844 அக்டோபரில் குருமடமும் கல்லூரியுமாக ஒரு நிறுவனம் தொடங்கியது. அதுதான் இன்றைக்கு நீங்கள் புதுச்சேரியில் பார்க்கிற பெத்திசெமினார் பள்ளி. சாமியாராகப் போகாத எத்தனையோ தலைமுறைப் பையன்கள் அங்கே படித்து வெளியே வந்துவிட்டார்கள்.

அதே அக்டோபரில் இன்னொரு காரியமும் நடந்தது. என்னைக் கேட்டால் அது இன்னும் துணிச்சலான காரியம்.

லூயி சவினியான் துப்புயி என்று ஒரு சாமியார். அப்போது வயது நாற்பதுக்குள். தமிழ்ப் பித்தர். மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். மூஸே என்ற இன்னொரு சாமியாரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி தயாரித்தவர். 1855-ல் அதன் முதல் பாகம் வெளிவந்தது. தமிழ் படித்த ஐரோப்பியர்கள் ரொம்ப காலம் கையில் வைத்திருந்த அகராதி அது.

துப்புயிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அந்தக் காலத்தில் குடும்பப் பெண் எழுதப் படிக்கக் கற்றால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். படிப்பு தாசி குலத்துக்குத்தான் என்ற எண்ணம். அப்படியே பள்ளிக்கூடம் வைத்தாலும், யார் சொல்லிக்கொடுப்பது? ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பிரான்ஸிலிருந்து கன்னியாஸ்திரீகளைக் கொண்டுவந்தால் தமிழ் தெரியாது.

துப்புயி 1844 அக்டோபர் 16-ம் தேதி ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தமிழ்ப் பெண்கள். வேலை, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி. மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று அது பின்னால் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இமாக்குலேட் பள்ளி என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த முதல் பெண்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் வேண்டாம் என்கிறார்கள். கையில் புத்தகம் எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணை 'வா, படிக்கலாம்' என்று கூப்பிடுகிறார்கள். சாவித்திரிபாய் பூலே புனேயில் பள்ளி தொடங்குவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இது நடக்கிறது. அவர்கள் பேரைச் சொல்லி இங்கே தெரு இல்லை, சிலை இல்லை. தலைமை என்றால் மேடை என்று நினைக்கிறவர்களுக்கு அவர்கள் தலைவர்களாகத் தெரிய மாட்டார்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து நாலு குழந்தைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு குழந்தைகளின் பேத்திகள் டீச்சர்களாகவும் நர்ஸுகளாகவும் வந்தார்கள் என்றால், யார் யாரை நடத்திக்கொண்டு போனார்கள்?

இப்போது சங்கத்துக்குத் திரும்புவோம். அதில் கலந்துகொண்ட இரண்டு இளைஞர்களின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

முதலாமவர் ஃபெலிக்ஸ் லுக்கே. வயது 33. புதுச்சேரிக்குப் புதுசு. சங்கத்தின் முடிவுகளை ரோமாபுரிக்கு எடுத்துப்போய் ஒப்புதல் வாங்கிவர இவரைத்தான் பொன்னான் அனுப்பினார். லுக்கே தபால்காரர் வேலையோடு நிற்கவில்லை. ஒரு முழுப் புத்தகமே எழுதி, புதுச்சேரி சங்கத்துக்கு விளக்கம் என்று ரோமாபுரியின் மேசையில் வைத்தார். நாட்டுக் குருக்கள் மட்டும் போதாது, நாட்டு ஆயர்களும் வேண்டும் என்பதுதான் அவருடைய வாதத்தின் உயிர்.

விளைவு? 1845 நவம்பர் 23-ம் தேதி, மிஷன் வேலைகளைக் கவனிக்கிற ரோமாபுரித் துறை உலகத்துக்கே ஓர் உத்தரவு போட்டது. 'நேமினெம் ப்ரொஃபெக்தோ' என்று அதற்குப் பெயர். உள்ளூர்க் குருக்களை வெறும் துணையாட்களாக நடத்தும் பழக்கம் ஒழிய வேண்டும். அவர்களுக்குப் பொறுப்புகள் கொடுக்க வேண்டும். ஆயர் பதவிக்கே தகுதியாக அவர்களை உருவாக்க வேண்டும். சீனாவானாலும் ஆப்பிரிக்காவானாலும் இதுதான் சட்டம். புதுச்சேரியில் பற்றவைத்த தீ அது.

லுக்கேவுக்கும் ஆயர் பட்டம் கிடைத்தது. பொன்னானுக்குத் துணையாகப் புதுச்சேரிக்குத் திரும்ப வேண்டியவர். ஆனால் வர முடியவில்லை. யார் தடுத்தார்கள்? இங்கே இருந்த அவருடைய சொந்தச் சகாக்களே. 'நேற்று வந்தவன் நம்மைப் பற்றி ரோமாபுரியில் போய் எழுதினானா?' என்ற கோபம். பாரிஸிலும் எதிர்ப்பு. லுக்கே அதற்கப்புறம் புதுச்சேரியைப் பார்க்கவே இல்லை. 1858-ல் ரோமாபுரியில் இறந்துபோனார்.

இரண்டாமவர் மரியோன் த பிரேசியாக். சங்கம் நடந்தபோது வயது 30. 1842-ல் புதுச்சேரியில் வந்து இறங்கியவர். புதுசாகத் தொடங்கிய குருமடத்துக்கு இவரைத்தான் தலைவராகப் போட்டார்கள். 1846-ல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் ஆயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. அங்கேயும் முதல் கவலை குருமடம்தான்.

ஆனால் இரண்டு விஷயங்கள் அவரை அரித்தன. ஒன்று, நாட்டுக் குருக்கள் விஷயத்தில் சக மிஷனரிகளின் தயக்கம். இரண்டு, சாதி. சாதி ஆசாரங்களை எவ்வளவு தூரம் சகித்துக்கொள்ளலாம் என்று சாமியார்களுக்குள்ளேயே 150 வருஷச் சண்டை. 1704-ல் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் இதே புதுச்சேரியில் உட்கார்ந்து இது பற்றி உத்தரவு போட்டிருக்கிறார். அப்படியும் தீரவில்லை. எந்தப் பக்கம் போனாலும் மனசாட்சி உறுத்துகிறது என்ற நிலைமை பிரேசியாக்குக்கு. என்ன செய்தார்? பதவியை ராஜினாமா செய்தார். 1855-ல் போப்பாண்டவர் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கு அப்போது 41 வயது. ஆயர் ஒருவர் அந்த வயதில் பதவியை விட்டு இறங்குவது அபூர்வம்.

இறங்கி ஊரில் ஓய்வெடுத்தாரா? இல்லை. யாரும் போகத் தயங்குகிற இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். 1856 டிசம்பரில் லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். கூடப் போனவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். ஜூன் 25-ம் தேதி அவரும் போய்விட்டார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது ஆறு வாரம். அவர் தொடங்கிய சபை இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது. அதில் ஆப்பிரிக்கக் குருக்களும் இந்தியக் குருக்களும் இருக்கிறார்கள். 2020-ல் போப் பிரான்சிஸ் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார்.

பொன்னானையும் விட்டுவிடக் கூடாது. இந்தியா முழுக்க இருந்த மிஷன்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுக்கும் பொறுப்பை ரோமாபுரி அவரிடம் கொடுத்தது. 60 வயது தாண்டிவிட்டது. 1858-ல் கிளம்பி ஊர் ஊராகப் போனார். 1861 மார்ச் 21, காசியில் காலரா வந்து இறந்துபோனார்.

இப்படி, ஒருவர் திரும்ப முடியாமல் போனார். ஒருவர் பதவியை விட்டு இறங்கினார். ஒருவர் பாதி வழியில் இறந்தார். இவர்கள் கண்ட கனவு?

இங்கேதான் கதை கசக்கிறது.

1845-ல் உத்தரவு வந்தது. ரோமாபுரியே அதைத் திரும்பவும் உரக்கச் சொல்ல 1919-ல் பதினைந்தாம் பெனடிக்ட் போப்பாண்டவர் வரவேண்டியிருந்தது. 74 வருஷம்! இடையில் 1912-ல் ஆங்கிலிகன் சபை முந்திக்கொண்டது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, தோர்ணக்கல் பிஷப் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் எங்களுக்காகத் தியாகம் எல்லாம் செய்கிறீர்கள், நண்பர்களாக மட்டும் நடத்த மாட்டேன் என்கிறீர்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே பேசியவர் அவர். கத்தோலிக்கத்தில் 1923-ல் புன்னைக்காயல்காரரான திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடி ஆயர் ஆனார். லத்தீன் வழிபாட்டு மரபில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயர் அவர்தான்.

புதுச்சேரிக்கு? தீ பற்றவைத்த ஊருக்கு?

1955. பிரெஞ்சுக் கொடி இறங்கி, 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்த பிறகுதான் அம்புரோஸ் ராயப்பன் முதல் இந்தியப் பேராயராக அமர்ந்தார். சங்கம் நடந்து 111 வருஷம் ஆகியிருந்தது. கவர்னர் கப்பலேறிய பிறகுதான் பேராயர் நாற்காலியும் காலியாயிற்று என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம்.

ஜப்பானைக் கொஞ்சம் பாருங்கள். 17-ம் நூற்றாண்டில் அங்கே மிஷனரிகளை எல்லாம் விரட்டிவிட்டார்கள். நாட்டுக் குருக்களும் மிஞ்சவில்லை. சாதாரண விவசாயிகளும் மீனவர்களும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஒளித்து ஒளித்துச் செபம் சொல்லி, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். 1865-ல் நாகசாகியில் பெத்திஜான் என்ற பாரிஸ் சபைச் சாமியாரிடம் வந்து, 'நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்று காட்டிக்கொண்டார்கள். சனங்களுக்குப் பக்குவம் போதாது என்று சொல்கிற யாருக்கும் இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இன்னொரு கசப்பையும் மறைக்கக் கூடாது. 1844-ல் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்ததா? இல்லை. நாட்டுக் குரு என்றால் மேல்சாதிக் குரு என்றுதான் நடைமுறையில் வெகுகாலம் அர்த்தம். தலித் பையனுக்கும் தேவ அழைத்தல் வரும் என்பதை வெள்ளைச் சாமியார்களும் சரி, தமிழ்ச் சாமியார்களும் சரி, சீக்கிரத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கு ஒரு நூறு வருஷம் முன்னால், 1745 அக்டோபரில் நடந்த சம்பவம் ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் கொடுத்த தைரியத்தில் அந்த மக்கள் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்? அவரிடம் பதில் இல்லை. சுவரை இடிக்கச் சொன்னார். உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பிள்ளை ஒரு வைணவர். வெளியே நின்று பார்த்தவர். அவருக்கே இது எழுதிவைக்க வேண்டிய சங்கதியாகப் பட்டிருக்கிறது.

அந்தக் கோயிலை 1761-ல் ஆங்கிலேயன் இடித்தான். அந்தச் சுவர் சனங்களின் மனசில் பத்திரமாக இருந்தது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். ஆயர் பதவிகளில் எங்கள் பங்கு எங்கே என்ற கேள்வியைச் சில பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். கத்தோலிக்க வரலாற்றில் முதல் தலித் கர்தினால். புதுச்சேரி சங்கம் நடந்து 178 வருஷம் கழித்து. லுக்கே தன் புத்தகத்தில் வெள்ளையரைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் இது. இப்போது நம்மவர்களே நம்மவர்களைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் பெரிய வியாழன் அன்று கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு சடங்கு உண்டு. சாமியார் மேலங்கியைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் நின்று பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவித் துடைப்பார். ஏசு தன் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு. தலைவன் என்றால் வேலைக்காரன் என்பதற்கு அவர் காட்டிய அடையாளம். 1844-க்கு முன்பும் புதுச்சேரியில் இது நடந்தது. அப்போதும் வெள்ளைச் சாமியார்கள் தமிழர் காலைக் கழுவினார்கள். கால் கழுவுவதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. கழுவிய காலுக்குச் சொந்தக்காரரைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்வதில்தான் சிரமம் இருந்தது. ஐந்து நிமிஷம் குனிவது பக்தி. எழுந்து இடம் விடுவது சேவை. பொன்னானும் லுக்கேயும் பிரேசியாக்கும் துப்புயியும் இந்த இரண்டாவதைச் செய்யப் பார்த்தவர்கள். முழுசாக ஜெயிக்கவில்லை. அவர்கள் காலத்து எல்லைகள் அவர்களுக்கும் இருந்தன. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போனால் மிஷன் வீதியில் சம்பா கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெத்திசெமினார் பள்ளி விடுகிற நேரமாக இருந்தால் பையன்கள் சைக்கிளில் சத்தம் போட்டுக்கொண்டு போவார்கள். அதில் எவனாவது ஒருவனுக்கு எங்கிருந்தோ ஓர் அழைப்பு வரலாம். சாமியாராக, டாக்டராக, வாத்தியாராக, எதுவாகவும் இருக்கலாம். அவன் என்ன சாதி, எந்தத் தெரு என்று கேட்காமல் நாற்காலியை நகர்த்திப்போட ஆள் இருக்கிறதா என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி.